அட்டைப் பெட்டியில் பத்தாயிரம் வாட்ஸ்!



நார்த்தாமலை பங்குனித் திருவிழாவுக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு ஹோம் தியேட்டர் வாங்கி வருகிறீர்கள். சந்தோஷம். "10,000 வாட்ஸ் சார்!" என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

அட்டையில் இருப்பது பி.எம்.பி.ஓ. அதை அளக்கப் பொதுவான விதியே இல்லை. விற்பவர் வைத்ததுதான் கணக்கு. தொடர்ந்து தரும் திறனைச் சொல்வது ஆர்.எம்.எஸ். பின்பக்கம் பாருங்கள். 60 வாட் மின்சாரம் இழுக்கும் பெட்டி, 10,000 வாட்டை எங்கிருந்து தரும்? ஆற்றலை ஆக்க முடியாது என்று வகுப்பில் படித்தது பரீட்சைக்கு மட்டுமா?

இன்னொன்று: வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு இரு மடங்காகக் கேட்க, சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும்.

கடையில் கேளுங்கள்: ஆர்.எம்.எஸ். எவ்வளவு? எத்தனை சதவீத ஒலிச்சிதைவில் அளந்தது? 10 சதவீதம் என்றால் கரகரப்பையும் சேர்த்தே விற்கிறார்கள். பதிலே இல்லையென்றால் எழுந்து வாருங்கள். அது நீங்கள் வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு.