சிப்பாயைச் சுடச் சொன்னவர் பெயரில் ஒரு ராணுவத் தளம்

வட கரோலினாவில் 2023இல் ‘ஃபோர்ட் லிபர்ட்டி’ என்று பெயர் மாறிய ராணுவத் தளம், 2025 பிப்ரவரியில் மீண்டும் ‘ஃபோர்ட் பிராக்’ ஆகிவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் தளபதிகள் பெயரை ராணுவத் தளங்களிலிருந்து நீக்கும் சட்டம், ட்ரம்ப்பின் வீட்டோவையும் மீறி 2021 ஜனவரியில் நிறைவேறியது. சட்டத்தை நேரடியாக மீற முடியாது என்பதால், மீண்டும் ஆட்சிக்கு வந்த ட்ரம்ப்பின் அரசினர் அதே பெயர் கொண்ட வேறு ஆட்களைத் தேடிப் பிடித்தார்கள். பிராக்ஸ்டன் பிராக்கின் இடத்தில் இரண்டாம் உலகப் போரில் பதக்கம் பெற்ற ரோலண்ட் பிராக். இன்னொரு தளத்தில், ராபர்ட் லீயின் இடத்தில் ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பினச் சிப்பாய். அந்த ‘லீ’ திரும்பி வருவதற்காக அழிக்கப்பட்டவை ஆர்தர் கிரெக், சாரிட்டி ஆடம்ஸ் என்ற இரு கறுப்பின அதிகாரிகளின் பெயர்கள். 2020இல் மக்கள் கீழே தள்ளிய தென்படைத் தளபதி ஆல்பர்ட் பைக்கின் சிலையும் 2025 அக்டோபரில் வாஷிங்டனில் மறுபடி பீடமேறிவிட்டது.

இது முன்னோருக்குச் செய்யும் மரியாதையாம். பிராக்கின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டுச் செத்தவர்களும் முன்னோர்தானே? கென்டக்கிப் படைப்பிரிவில் ஓர் இளைஞன் இருந்தான். தந்தை இறந்ததும், தாயும் உடன்பிறந்தவர்களும் உண்ண வழியில்லாமல் போவார்களே என்று, விதைப்பு வேலைக்காக அனுமதியின்றி ஊருக்குப் போனான். பிடித்து வந்து விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். படைத் தலைவர் பிரெக்கின்ரிட்ஜே நேரில் மன்றாடியும் பிராக் இரங்கவில்லை. 1862 டிசம்பர் 26 அன்று, சக வீரர்கள் அணிவகுத்து நிற்க, அவர்கள் கண்ணெதிரே அவனைச் சுட்டார்கள். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 2 அன்று, அதே கென்டக்கிக்காரர்களைப் பீரங்கி வரிசைக்கு நேராகத் தாக்கச் சொன்னார் பிராக். வேண்டாம் என்று பிரெக்கின்ரிட்ஜ் தடுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துச் சண்டையில் அவரது படை முழுவதிலும் மாண்டவர்கள், காயம்பட்டவர்கள் என 1,500 பேருக்கு மேல் வீழ்ந்தார்கள். தென்பகுதி வெள்ளை விவசாயியின் வழித்தோன்றலே கோபப்பட வேண்டிய பெயர் இது.

தளபதிகளின் பெயரால் ஒரு போரை நினைவில் வைக்கும்போது காணாமல் போகும் கணக்கு ஒன்று உண்டு. அதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்தப் போரில் இறந்த சிப்பாய்கள் குறைந்தது 6,20,000 பேர். 2011இல் வெளியான ஒரு மறுகணக்கீடு ஏறத்தாழ 7,50,000 என்கிறது. இவர்களில் மூன்றில் இருவர் குண்டு பட்டுச் சாகவில்லை. வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, தட்டம்மை, நிமோனியா ஆகியவையே அவர்களைக் கொன்றன. கழிப்புக் குழிக்குப் பக்கத்திலேயே குடிநீர் எடுத்த முகாம்களில், அதுவரை சொந்த ஊரைத் தாண்டியிராத பையன்கள் முதல் சண்டையைப் பார்ப்பதற்கு முன்பே கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வயிற்றுப்போக்கும் சீதபேதியும் மட்டும் வடபடையில் 40,000 பேருக்கு மேல் பலிகொண்டன. புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க்கின் மூன்று நாள் சண்டையில் களத்திலேயே மாண்ட வடபடையினர் ஏறத்தாழ 3,150 பேர். பத்து கெட்டிஸ்பர்க்குகளைவிடக் கொடிய எதிரி, முகாமின் குடிநீரில் இருந்தது. ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 45,000 வடபடைக் கைதிகளில் சுமார் 13,000 பேர் 14 மாதங்களுக்குள் இறந்தார்கள். குதிரையேறி வாளுயர்த்தி நிற்கும் எந்த வெண்கலச் சிலையும் இதைச் சொல்லாது.

ஊரில் இருந்தவர்கள் பட்ட பாடு இன்னொரு போர். வடக்கின் கடல் முற்றுகையால் தென் மாநிலங்களில் உப்பு கிடைக்கவில்லை. உப்பில்லாமல் இறைச்சியைப் பதப்படுத்த முடியாது. புகைக்கொட்டிலின் தரைமண்ணைச் சுரண்டி, தண்ணீரில் காய்ச்சி, அதில் ஊறியிருந்த உப்பைப் பெண்கள் பிரித்தெடுத்தார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக அரசு எடுத்துக்கொண்டது. விக்ஸ்பர்க் நகர மக்கள் 47 நாள் முற்றுகையில் குன்றுகளைக் குடைந்து குகைகளில் வாழ்ந்தார்கள். 1863 ஏப்ரல் 2 அன்று, கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டிலேயே பசித்த பெண்கள் கோடரியோடு கடைகளை உடைத்து ரொட்டியும் மாவும் எடுத்துச் சென்றார்கள். கலையாவிட்டால் சுடுவோம் என்று மிரட்டினார் கூட்டமைப்பின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ். அந்தச் செய்தியை அச்சிட வேண்டாம் என்று பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது அவரது அரசு. (அதே கடல் முற்றுகையில் அமெரிக்கப் பருத்தி நின்றுபோக, லங்காஷயர் ஆலைகள் இந்தியாவை நாடின, திருநெல்வேலிக் கரிசலில் பருத்தி விலை ஏறி, போர் ஓய்ந்ததும் சரிந்தது. இந்தப் போரை யாரோ எங்கோ போட்ட சண்டை என்று நாமும் சொல்லிவிட முடியாது.)

யார் போருக்குப் போனார்கள்? 1862 அக்டோபரில் தென்பகுதி அரசு கொண்டுவந்த சட்டத்தின்படி, 20 அடிமைகள் உள்ள ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு வெள்ளையருக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு. அடிமையே இல்லாத குடியானவன் களத்துக்குப் போக வேண்டும். பண்ணையார் வீட்டில் இருக்கலாம். வடக்கும் யோக்கியமல்ல. 300 டாலர் கட்டியவனுக்கு விலக்கு கொடுத்தது. அந்த ஆத்திரத்தில் 1863 ஜூலையில் நியூயார்க்கில் வெடித்த கலவரம் கறுப்பினத்தவரைத் தேடித் தேடிக் கொன்றது. அநாதைக் குழந்தைகளின் விடுதிக்குத் தீ வைத்தது.

வடபடையில் சேர்ந்த ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவரின் கதை இன்னும் கனமானது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். சமமான ஊதியம் தரும்வரை சம்பளமே வேண்டாம் என்று மறுத்தபடியே போரிட்டது 54ஆவது மாசசூசெட்ஸ் படை. 1864 ஏப்ரலில் ஃபோர்ட் பில்லோவில் சரணடைய முயன்ற கறுப்பினச் சிப்பாய்களைத் தென்படை வெட்டியும் சுட்டும் கொன்றது. மொத்தத்தில் இறந்த சுமார் 40,000 பேரில் 30,000 பேரைக் கொன்றது, மறுபடியும், நோய்தான்.

இவ்வளவும் ஆவணமாக இருக்க, “வரலாற்றை அழிக்கிறார்கள்” என்று கூச்சலிடுவோரிடம் வாதிட என்ன இருக்கிறது? பிராக், லீ பெயர்கள் தளங்களுக்கு வைக்கப்பட்டதே போர் முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, முதல் உலகப் போர்க் காலத்தில்; கறுப்பினத்தவரின் வாக்குரிமையைத் தென் மாநிலங்கள் பறித்து முடித்திருந்த காலம் அது. லூசியானாவின் கரும்புத் தோட்டத்தில் 100-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த, 1863 நவம்பரில் சட்டனூகாவில் படை சிதறி ஓடியதும் தலைமையைத் துறந்த ஒருவரைத் திறமைக்காக யாரும் கொண்டாட முடியாது. பிறகு எதற்காக? பெயரை மீட்கிறவர்களுக்குப் பதில் தெரியும். ரோலண்ட் பிராக் என்ற நல்ல சிப்பாயை அவர்கள் முகமூடியாக்கியிருக்கிறார்கள். அது அவருக்கும் அவமானம்.

அடுத்து ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டம். 1914இல் அங்கே நிறுவப்பட்டு 2023 டிசம்பரில் அகற்றப்பட்ட தென் கூட்டமைப்பு நினைவுச் சின்னத்தைத் திரும்ப வைக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். அதில் எசமானின் குழந்தையை ஏந்தி நிற்கும் கறுப்பினத் தாதியும், எசமானின் பின்னால் போருக்குப் போகும் அடிமையும் விசுவாசிகளாக வார்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்த வெண்கலம் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி நிற்கும் நாளில், 1865இல் தோற்ற தரப்பிடம் அமெரிக்க அரசு சரணடைந்துவிட்டது என்றே எழுத வேண்டியிருக்கும்.