துளை இருக்கிறது, வழி எங்கே?

பாறையில் வெற்றிடம் எத்தனை பங்கு என்று சொல்லும் துளைமை என்கிற ஒரே எண்ணை அளந்துவிட்டால், சுண்ணாம்புப் பாறைக்குள் எண்ணெயும் நீரும் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது தானே விளங்கிவிடுமாம். துளைகளின் வடிவமும் தொடர்பும் நிலவியலாளர்கள் பொழுதுபோகாமல் கட்டிய வகைப்பாடுகளாம். நண்பர் ஒருவரின் நீண்ட கட்டுரையைப் பிழிந்தால் மிஞ்சுவது இவ்வளவுதான். இதற்குச் சாட்சியாக அவர் அழைத்து வந்திருப்பது கோசெனி–கார்மன் சமன்பாட்டை. சாட்சி சொன்னதை அவர் கடைசிவரை கேட்டாரா? 1927இல் கோசெனி வகுத்து, 1937இல் கார்மன் செப்பனிட்ட அந்தச் சமன்பாட்டின் தொகுதியில் துளைமை மும்மடியாக நிற்பது உண்மை. ஆனால் பகுதியில் துளைச்சுவர்களின் பரப்பு இருமடியாக நிற்கிறதே, அதை எங்கே ஒளித்தார்? ஒரே அளவு வெற்றிடத்தைப் பொடித்துளைகளாகப் பங்கிட்டால் சுவர்ப்பரப்பு பெருகும், உராய்வு கூடும், ஓட்டம் படுத்துவிடும். துளைக் கட்டமைப்பு வேண்டாம் என்று நிறுவ அவர் தூக்கிவந்த சூத்திரத்தின் பாதி உடம்பே துளைக் கட்டமைப்புதான். தெரியாமல் விட்டிருந்தால் இதைப் பற்றி எழுத அவருக்குத் தகுதியில்லை. தெரிந்தே விட்டிருந்தால் வாசகரை ஏமாற்றியிருக்கிறார்.

அடுத்து, பெரிய துளை என்றால் பெரிய ஓட்டம் என்கிறார். ஏரியின் கொள்ளளவைக் கேட்டுவிட்டு, மதகின் அகலத்தைக் கேட்காமலே பாசனக் கணக்கு எழுதுகிறவரை எந்த ஊர் விவசாயி நம்புவார்? பாறையில் ஓட்டத்தை ஆள்வது துளையின் வயிறு அல்ல, ஒரு துளையை இன்னொன்றோடு இணைக்கும் கழுத்து. ஒரு நுண்குழாயின் ஆரத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்த வேறுபாட்டில் அதன் வழியே போகும் பாய்மம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது பாய்சாய் விதி, கல்லூரிப் பாடம். மீன்முட்டை போன்ற ஊலைட் மணிகள் கரைந்துபோய், அவற்றைப் பிணைத்த கால்சைட் மட்டும் எஞ்சிய சுண்ணாம்புக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியும் உருண்டைப் பொந்துகள், துளைமை முப்பது விழுக்காட்டைத் தொடலாம்; ஆனால் ஒவ்வொரு பொந்தும் தனித்தனிச் சிறை. 1983இலேயே ஜெர்ரி லூசியா தனித்த பொந்துகளையும் ஒன்றையொன்று தொடும் பொந்துகளையும் பிரித்து வைத்தார். முன்னவை துளைமையைக் கூட்டும், பாய்மத்தை ஓடவிடும் ஊடுருவுதிறனுக்குப் பெரிதாக எதுவும் தராது. பின்னவை ஓட்டத்தின் போக்கையே மாற்றிவிடும். இதுவா பொழுதுபோக்கு?

துளைமைக்கு எதிரே ஊடுருவுதிறனைக் குறித்த வரைபடத்தில் புள்ளிகள் சிதறிக் கிடப்பதை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிட்டு, நடுவே ஒரு கோடு இழுத்துத் திருப்தியடைகிறார். ஒரே துளைமையுள்ள கார்பனேட் மாதிரிகளில் ஊடுருவுதிறன் ஆயிரம் மடங்குகூட வேறுபடும். எந்தக் கருவி ஆயிரம் மடங்கு பிழை செய்யும்? வட கடலின் எக்கோஃபிஸ்க் வயலில், நுண்ணுயிர்களின் ஓட்டுத்துகள்களால் ஆன சாக் பாறை முப்பது விழுக்காட்டுக்கும் மேலான துளைமையோடு கிடக்கிறது. பாறைத் திண்மத்தின் ஊடுருவுதிறனோ சில மில்லிடார்சி, அதற்குமேல் ஓட்டம் கிடைப்பது இயற்கை விரிசல்களின் தயவில். ஈரானின் அஸ்மாரி சுண்ணாம்புக் கல்லில் திண்மத்தின் துளைமை குறைவு. விரிசல்கள் வழியாக எண்ணெய் பீறிடுகிறது. நண்பரின் கோடு இவ்விரண்டில் எதன்மீது விழும்? இரண்டையும் தவறவிடும் என்பதே விடை. அவர் பிழையென்று துடைத்தெறிந்த சிதறலில்தான் பாறை தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியதெல்லாம் இருக்கிறது.

கிணற்றில் கருவியை இறக்கி எடுக்கும் ஒலி அலைப் பதிவிலிருந்து (லாக்) துளைமை கிடைத்துவிடுமே, பாறையை உருளையாக வெட்டியெடுக்கும் கோர் எதற்கு என்று அவர் கேட்கும் இடம் இன்னும் மோசம். கார்பனேட்டில் ஒலியின் வேகமே துளையின் வகையைப் பொறுத்து மாறுகிறது. விறைப்பான சட்டகத்துக்குள் பெரிய, எளிய வடிவத் துளைகள் உள்ள கல்லில் ஒலி விரைந்து செல்லும். அதே துளைமையில் பொடித்துளைகள் மலிந்த கல்லில் தளரும். அப்படியானால் கட்டமைப்பைப் புறக்கணித்து அவர் பெறும் துளைமையே ஐயத்துக்குரியது. அடித்தளமே ஆடும்போது அதன்மேல் எழுப்பிய ஊடுருவுதிறன் மதிப்பை யார் நம்புவது?

இவ்வளவு படித்தவர் ஏன் இப்படி வாதிடுகிறார்? கோர் எடுப்பது செலவு. ரிக்கை நிறுத்திக் காத்திருக்க வேண்டும், பிறகு மெல்லிய சீவல் வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், பாதரசத்தை அழுத்திக் கழுத்துகளை அளக்க வேண்டும். லாக் மலிவு, உடனே கிடைக்கும். பணமில்லை என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் எவரும் குறை சொல்லப்போவதில்லை. சிக்கனத்தை அறிவியல் கொள்கையாக மாற்றி, உழைத்துப் பார்ப்பவர்களை ஏளனம் செய்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நஷ்டம் எண்ணெய் நிறுவனத்துக்குத்தானே என்று யாரும் இதை ஒதுக்கவும் முடியாது. கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000 மே மாதம் குடிநீரில் ஈ.கோலை கலந்து ஏழு பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். மாசு வந்தது, விரிசலோடிய கார்பனேட் பாறையிலிருந்து நீர் இறைத்த ஆழமற்ற கிணறு ஒன்றின் வழியாக. குளோரின் கண்காணிப்பில் நடந்த குற்றங்கள் தனிக்கதை. ஆனால் பாறையைச் சீரான துளைகள் கொண்டதாகக் கருதிய கணினி மாதிரி காட்டியதைவிட நிலத்தடி நீர் பன்மடங்கு வேகமாக ஓடுவதைப் பின்னர் செய்த சாயச் சோதனைகள் வெளிப்படுத்தின. கிணற்றைச் சுற்றி எத்தனை மீட்டருக்குள் எரு கொட்டக் கூடாது என்று அவ்வூரார் கேட்டால், தம் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நண்பர் எந்தத் தூரத்தில் கோடு கிழிப்பார்?