மறதிக்கு மருந்து தேடும் முன் காதைப் பாருங்கள்



ஊறவைத்த பாதாம், வல்லாரைக் கீரை, தினம் ஒரு குறுக்கெழுத்து. இவை இருந்தால் ஞாபக மறதியே வராது என்று வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அனுப்புகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நம் கருக்களாச்சேரிப் பெரியவர்களுக்கு இவற்றைவிட அவசரமானது காது என்பேன்.

முப்பது நாற்பது வருடம் டீசல் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து கடலுக்குப் போய் வந்தவர்கள் இங்கே எத்தனை பேர்! அந்த இரைச்சல் உள்காதின் நுண்ணிய செல்களைச் சிதைக்கும். போனவை திரும்ப முளைப்பதில்லை. காது மந்தமானவர் முதலில் போனை எடுக்கமாட்டார். பிறகு நாலு பேர் பேச்சில் சேரமாட்டார். வலை பின்னும் இடத்துக்கும் போகாமல் திண்ணையோடு நின்றுவிடுவார். வீட்டிலோ, "அப்பாவுக்கு எதுவும் மண்டையில ஏறமாட்டேங்குது" என்பார்கள். ஏறாதது மண்டையிலா காதிலா என்று யாரும் பார்ப்பதில்லை.

மறதிநோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று 2024-இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டாம். காது கேளாமை, பார்வைக் குறை, தனிமை மூன்றும் அதில் இருக்கின்றன. பாதாம் இல்லை! அமெரிக்காவில் 70 வயது தாண்டிய 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் காதுக்கருவியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து கூடுதலாக இருந்தவர்களுக்கு மூளைத்திறன் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. நம் பெரியவர்களில் பலர் இந்த இரண்டாம் வகை என்றே நினைக்கிறேன்.

ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் அந்த 14-இல் உண்டு. கருவாடு இல்லாமல் சோறு இறங்காத ஊரில் உப்பைக் குறைக்கச் சொல்வது லேசல்ல. சாராயமும் உண்டு, அதைப் பற்றி மேலே பேசினால் சண்டைக்கு வருவீர்கள்.

ஏலக் கணக்கை மனசிலேயே போட்டு, கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள் நம் பெண்கள். பிள்ளைகள் சம்பாதித்ததும் "போதும்மா, உட்காரு" என்கிறார்கள். பாசம்தான். ஆனால் நடையும் கணக்கும் பேச்சும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. சுமையை மட்டும் இறக்குங்கள், வேலையை விடச் சொல்லாதீர்கள்.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயதானவர்களுக்குக் காதுக்கருவியும் கண்ணாடியும் இலவசமாகத் தர மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. முகாமை நம் ஊருக்கே கொண்டுவர ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேசப் போகிறேன். உங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், பட்டியல் எடுத்துவிடலாம்.