பழைய கார் புராணம் – 6: பேட்டரியைக் கழட்டினா காருக்கு எதெல்லாம் மறந்து போகும்?

போன தடவை பனிக்கால டயர் பத்தி மொக்கை போட்டேன். இந்தத் தடவை பேட்டரி. ஆரம்பம் டெக்னிகலா இருந்தாலும் கடைசில ஒரு பஞ்சாயத்து இருக்கு. பொறுமையா படிங்க.

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. சிகாகோ. வெளியே மைனஸ் 19 டிகிரி. எட்டரைக்கு க்ளாஸ். சாவியைத் திருப்பினா "டக் டக் டக் டக்"ன்னு ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்கெல்லாம் ஒரு தடவை மங்கலா கண்ணடிச்சுட்டு அணைஞ்சே போச்சு. அவ்ளோதான், க்ளாஸ் கோவிந்தா.

வண்டி 2009 ஹோண்டா அக்கார்ட். ஓடினது 1,62,000 மைல். வண்டி மேல தப்பு சொல்ல முடியாது, பேட்டரிக்கு ஆறு வயசு. குளிர்ல பேட்டரிக்குள்ள நடக்கிற வேதிவினை மந்தமாயிடும். அதே குளிர்ல என்ஜின் ஆயில் கெட்டியாகி, சுத்தி விடறதுக்கு அதிக சக்தி வேணும். வரவு குறைஞ்சு செலவு கூடினா என்ன ஆகும்? நம்ம மாசக் கடைசி கதைதான். இங்க பேட்டரி மேல "சி.சி.ஏ."ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. மைனஸ் 18 டிகிரியில 30 செகண்டுக்கு அது எவ்ளோ ஆம்பியர் தள்ளும்ங்கற கணக்கு அது. குளிர் ஊர்ல இருக்கிறவங்க விலையைப் பாக்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

ரூம் மேட் கார்ல போய் புது பேட்டரி வாங்கிட்டு வந்து நானே மாத்தினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு போதும். ஒரே ஒரு விதி: கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில. ஏன்னா காரோட உடம்பு முழுக்க நெகட்டிவ் கூட சேர்ந்திருக்கு. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாஸிட்டிவ்ல ஸ்பேனரைப் போட்டு, அதோட மறுமுனை பக்கத்துல இருக்கிற தகரத்துல பட்டா தீபாவளிதான். பழைய பேட்டரியைக் கடையில திருப்பிக் கொடுக்க மறக்காதீங்க, பில்லுல போட்ட டெபாசிட் திரும்ப வரும்.

மாத்தியாச்சு. சாவியைத் திருப்பினா ஒரே திருப்புல ஸ்டார்ட். ஆஹான்னு சந்தோஷப்பட்டு உள்ள உக்காந்தா, வண்டி என்னை யாருன்னே தெரியாத மாதிரி பாக்குது. கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் சில விஷயங்கள் அதுக்கு ஞாபகம் இருக்கும். பேட்டரியைக் கழட்டினா போச்சு. வரிசையா சொல்றேன்.

1. கடிகாரம். தப்பு நேரம் காட்டுது. இது சின்ன வேலை, திருப்பி வெச்சுட்டேன்.

2. ரேடியோ. பாட்டுக்கு பதிலா கோடு நம்பர் கேக்குது. திருடினவன் வேற வண்டியில மாட்டக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. ஹோண்டாவுல அஞ்சு இலக்க எண். டேஷ்போர்டு பெட்டிக்குள்ள ஸ்டிக்கரா ஒட்டியிருக்கலாம், இல்லைன்னா கையேட்டோட ஒரு அட்டை இருக்கலாம். ரெண்டும் இல்லையா? ரேடியோவை அணைச்சு, 1, 6 ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பவரைத் தட்டினா, பல மாடல்கள்ல ரேடியோவோட சீரியல் நம்பர் வரும். அதையும் காரோட வி.ஐ.என். நம்பரையும் ஹோண்டாவோட வலைத்தளத்துல கொடுத்தா கோடு கிடைக்கும், காசில்லாம. குத்துமதிப்பா நம்பர் அடிச்சுப் பாக்காதீங்க. பத்து தடவை தப்பானா, ஒரு மணி நேரம் காத்திருக்கணும். கோடு கிடைச்சதும் கையேட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வைங்க. நான் எழுதி வெச்சிருந்தேன், தப்பிச்சேன்.

3. டிரைவர் பக்கக் கண்ணாடி. ஒரு தட்டு தட்டினா தானா முழுசா ஏறி இறங்கிட்டிருந்தது, இப்போ கையை எடுத்தா நின்னுடுது. மோட்டார் கெட்டுப்போகலை. கண்ணாடியோட மேல் எல்லை எதுன்னு அதுக்கு மறந்துடுச்சு. முழுசா கீழ இறக்குங்க. அப்புறம் பட்டனை விடாம இழுத்துப் பிடிச்சு மேல ஏத்துங்க. முழுசா மூடின பிறகும் ரெண்டு செகண்ட் அப்படியே பிடிச்சிருங்க. சரியாயிடும்.

4. ஐடில். சிக்னல்ல நிக்கும்போது என்ஜின் ஏறி இறங்கி மூச்சு வாங்குது. எவ்ளோ காத்து உள்ள விட்டா என்ஜின் நிதானமா ஓடும்னு கம்ப்யூட்டர் நாள்பட கத்து வெச்சிருந்த பாடமும் அழிஞ்சு போச்சு. திரும்பக் கத்துக் கொடுக்கணும். ஏ.சி., லைட், ரேடியோ எல்லாம் ஆஃப். கியர் பார்க்ல. 3,000 ஆர்.பி.எம்.ல பிடிச்சுக்கிட்டு, ரேடியேட்டர் ஃபேன் சுத்த ஆரம்பிக்கிற வரைக்கும், அதாவது சுமார் 90 டிகிரி சூடு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் சும்மா ஓட விடணும். ஃபேன் ஓடற நேரம் இந்த அஞ்சு நிமிஷக் கணக்குல சேராது. திறந்த வெளியில மட்டும் செய்யுங்க, மூடின கராஜ்ல வேண்டாம். புகை ஆளைக் கொன்னுடும்.

இதெல்லாம் ஹோண்டா கணக்கு. உங்க வண்டிக்கு அதோட கையேட்டைப் பாருங்க. பி.எம்.டபிள்யூ. மாதிரி சில வண்டிகள்ல புது பேட்டரி வந்திருக்குன்னு கம்ப்யூட்டர்ல பதிவே பண்ணணும்.

மறக்காத விஷயமும் இருக்கு. ஓடின மைல் கணக்கும், சாவியை அடையாளம் கண்டுபிடிக்கிற பூட்டும் கரண்ட் இல்லைன்னாலும் அழியாத இடத்துல இருக்கு. "பேட்டரியைக் கழட்டினா சாவி வேலை செய்யாது"ன்னு யாராவது பீதி கிளப்பினா நம்பாதீங்க.

இப்போ அஞ்சாவது. இதுக்குத்தான் இவ்ளோ பீடிகை.

5. செக் என்ஜின் லைட். என் வண்டியில போன அக்டோபர்ல இருந்து எரிஞ்சிட்டிருந்த மஞ்ச லைட். பேட்டரியை மாத்தினதும் காணோம்! டேஷ்போர்டு பளிச்சுன்னு இருக்கு.

ரூம் மேட் எட்டிப் பாத்தான். "மாப்ள, லைட் போயிடுச்சுடா. சனிக்கிழமை அந்தப் பையன் வண்டி பாக்க வர்றான்ல? உனக்கு நேரம் நல்லா இருக்கு."

விஷயம் என்னன்னா, எனக்கு மே மாசம் படிப்பு முடியுது. வண்டியை விக்கணும். புதுசா வந்த ஜூனியர் பையன் ஒருத்தன், நாமக்கல் பக்கம், 3,800 டாலருக்குப் பேசி வெச்சிருந்தான். வண்டியை நேர்ல இன்னும் பாக்கலை. லைட் விஷயத்தைப் பாக்க வரும்போது சொல்லிக்கலாம்னு நானும் போன்ல சொல்லாம விட்டிருந்தேன்.

லைட் அணைஞ்சது வண்டி குணமானதால இல்லை. கம்ப்யூட்டர் தன் புகார்ப் புத்தகத்தைத் தொலைச்சதால. அக்டோபர்ல புளூடூத் ஸ்கேனர் மாட்டிப் பாத்தப்போ வந்த கோடு பி0420. சைலன்ஸர் வழியில புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியா வேலை செய்யலைன்னு அர்த்தம். சில சமயம் சென்சார் கோளாறா இருக்கும், எக்ஸாஸ்ட்ல ஓட்டையா இருக்கும். நெஜமாவே கன்வர்ட்டர்தான்னா ஆயிரம் டாலருக்கு மேல பழுத்துடும். இந்தக் கோளாறை வண்டி ஒரே ஓட்டத்துல முடிவு பண்ணாது. சோதிச்சுப் பாத்து, அடுத்த ஓட்டத்துலயும் அதே மாதிரி இருந்தாத்தான் லைட்டைப் போடும். சில நாள் ஆகும். அதாவது, பையன் காசு கொடுத்து வண்டியை எடுத்துட்டுப் போன பிறகு.

இங்கே ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி இதே வண்டியை நான் ஒரு சீனியர்கிட்ட வாங்கினப்போ, கடிகாரம் தப்பு நேரம் காட்டிச்சு. ரேடியோ கோடு கேட்டுச்சு. "அட, நம்பர் தொலைஞ்சு போச்சுடா, சின்ன விஷயம்"னாரு. கண்ணாடி தானா ஏறலை. "பழைய வண்டில்ல"ன்னாரு. சிக்னல்ல என்ஜின் மூச்சு வாங்கிச்சு. "குளிருக்கு அப்படித்தான்"னாரு. நானும் மண்டைய மண்டைய ஆட்டிக்கிட்டு காசை எண்ணிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் மஞ்ச லைட் எரிஞ்சது. பல்பு வாங்கினது வண்டியில மட்டும் இல்லை!

380 டாலர் செலவு பண்ணி சென்சார் மாத்தி, அந்தத் தடவை எப்படியோ புகை டெஸ்ட்ல பாஸ் ஆனேன். அப்பவும் எனக்கு உறைக்கலை. போன செவ்வாய்க்கிழமை பார்க்கிங்ல உக்காந்து ஒண்ணு ஒண்ணா சரி பண்ணும்போதுதான் மண்டையில மணி அடிச்சது. நேரம், ரேடியோ, கண்ணாடி, ஐடில், எல்லாமே அன்னிக்குப் பாத்த அதே வரிசை. அவர் வித்தாரே, அதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டி மாட்டியிருக்காரு!

கொடுமை என்னன்னா, நான் அவரை விட கெட்டிக்காரனாயிட்டேன். கடிகாரம், ரேடியோ, கண்ணாடி, ஐடில் எல்லாத்தையும் ஒழுங்கா சரி பண்ணியாச்சு. சந்தேகப்பட ஒரு தடயம் இல்லை. ஸ்கேனர் மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். 1996 மாடல்ல இருந்து அமெரிக்கக் கார்கள்ல ஓ.பி.டி. 2 இருக்கு. அதுல "ரெடினஸ் மானிட்டர்"னு சில சுய பரிசோதனைகள். பேட்டரியைக் கழட்டினா அவையெல்லாம் "முடியலை"ன்னு ஆயிடும். நிறுத்தின வண்டியைக் காலையில ஆறின என்ஜினோட எடுக்கணும், ஹைவேல சீரான வேகத்துல ஓட்டணும், பெட்ரோல் கால் டேங்குக்கும் முக்கால் டேங்குக்கும் நடுவுல இருக்கணும். இப்படி ஒரு வாரம் பத்து நாள் ஓட்டினாத்தான் ஒவ்வொண்ணா முடியும். 2001க்குப் பிந்தின வண்டிகள்ல ஒண்ணுக்கு மேல பாக்கி இருந்தா புகை டெஸ்ட்ல திருப்பி அனுப்பிடுவாங்க. சுமார் 2010 மாடலுக்குப் பிறகு வந்த வண்டிகள்ல பேட்டரியைக் கழட்டினாலும் அழியாத நிரந்தரக் கோடும் உண்டு. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து டெஸ்ட்ல அதையும் பாக்கறாங்க. என் வண்டிக்கு அதுவும் இல்லை. வந்து ஆறு மாசமான பையன் ஸ்கேனரைத் தூக்கிட்டா வரப்போறான்?

"உன்கிட்ட வித்தவன் சொன்னானா? நீ மட்டும் என்ன அரிச்சந்திரனா?"ன்னு ரூம் மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆயிரம் டாலர்னா என்னோட ரெண்டு மாச வாடகை. உண்மையைச் சொல்றேன், வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் சொல்லக் கூடாதுங்கற முடிவுலதான் இருந்தேன். "லைட் எரியலையே, நான் பொய் சொல்லலையே"ன்னு மனசுக்குள்ள வக்கீல் வாதம் வேற.

சனிக்கிழமை பையன் வந்தான். காரைச் சுத்தி வந்து, போட்டோ எடுத்து, ஸ்டியரிங்கைத் தடவிப் பாத்துட்டு, "சூப்பரா வெச்சிருக்கீங்கண்ணா"ன்னான். அந்த "அண்ணா"தான் என்னமோ பண்ணிடுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இதே பார்க்கிங்ல இதே மாதிரி சொன்னவன்தான். ஸ்கேனரை மாட்டி, அவன் போன்லயே காட்டினேன். முடியாத மானிட்டர்களையும், அக்டோபர்ல எடுத்து வெச்ச பி0420 ஸ்கிரீன்ஷாட்டையும்.

பையன் முகம் சுருங்கிப் போச்சு. "அப்பாகிட்ட கேட்டுக்கறேன்ணா"ன்னு அங்கேயே வீடியோ கால் போட்டான். அப்பா லாரி வெச்சிருக்காராம். ஊர்ல ராத்திரி நேரம். எல்லாத்தையும் கேட்டுட்டு ரெண்டே கேள்வி.

"லைட்டு எத்தன மாசமா எரியுதுங்க தம்பி?"

"அக்டோபர்ல இருந்துங்க."

"ஏத்தத்துல இழுக்குதுங்களா?"

சிகாகோவுல ஏத்தத்துக்கு எங்கே போறது! "ஹைவேல நல்லா இழுக்குதுங்க"ன்னேன்.

"அப்ப அடைப்பு இல்லீங்க. ஆனா டெஸ்ட்டுக்குச் செலவு வெக்கும். அத வெலயில கழிச்சுக்கோங்க."

2,900க்கு முடிஞ்சது. 900 டாலர் போச்சு. ரூம் மேட் இன்னும் என்னை "அரிச்சந்திரா"ன்னுதான் கூப்பிடறான். எனக்கும் வயித்தெரிச்சல் முழுசா அடங்கலை, பொய் சொல்ல மாட்டேன்.

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. மேல சொன்ன முதல் நாலும் ரிப்பேர் குறிப்பு மட்டும் இல்லை. வண்டி பாக்கப் போகும்போது கடிகாரம், ரேடியோ, கண்ணாடி, ஐடில்னு ஒரு கண் ஓட்டுங்க. ரெண்டு மூணு சேர்ந்து தப்பா இருந்தா, "பேட்டரியை எப்போ கழட்டினீங்க? எதுக்கு?"ன்னு கேளுங்க. நிஜமாவே பேட்டரி மாத்தியிருந்தா பில் காட்டுவாங்க. என்னை மாதிரி எல்லாத்தையும் துடைச்சு வெச்சிருந்தா? இருபது முப்பது டாலர் ஸ்கேனர் ஒண்ணு கையில இருக்கட்டும்.

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம். 900 கழிச்சது சரியா, அதிகமா? தீர்ப்பைச் சொல்லிட்டுப் போங்க. அடுத்த வாரம் காரை எழுதிக் கொடுக்கிற பத்திரக் கதை.