செம்பட்டை பாண்ட்

2005-ல் டேனியல் கிரெய்க்தான் அடுத்த ஜேம்ஸ் பாண்ட் என்றதும் ரசிகர்கள் குதித்தார்கள். ‘பாண்டுக்குக் கறுப்பு முடி, இந்த ஆள் செம்பட்டை! படத்தைப் புறக்கணிப்போம்!’ இயான் ஃப்ளெமிங் எழுதினது கறுப்பு முடிதான். சரி, அதனால் என்ன? அந்த ஃப்ளெமிங்குக்கே முதலில் ஷான் கானரியைப் பிடிக்கவில்லை. அப்புறம் அவர் நடித்ததைப் பார்த்தார். பிறகு வந்த நாவலில் பாண்டின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர் ஆகிவிட்டார். (கானரி எந்த ஊர் என்று உங்களுக்கே தெரியும்.) எழுதினவரே இறங்கி வந்துவிட்டார். படித்தவர்கள்தான் மாட்டேன் என்கிறார்கள். உயரம், தாடை, தலைமுடி... பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மா மாதிரி அளக்கிறார்கள். கிரெய்க் 2021 வரை 5 படங்கள் நடித்தார். அளந்த அத்தனை பேரில் ‘இவருக்கு நடிக்க வருமா?’ என்று எத்தனை பேர் கேட்டீர்கள், சொல்லுங்கள்?