பால் வெட்டியவரிடமா கேள்வி?

‘ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்தவனுக்கு வேலை போனால் கவலையில்லை’ என்கிறார் நண்பர். நிக்கோபாரின் கச்சால் தீவில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் ரப்பர் பால் வெட்டிய தீவு அது. விடியுமுன் கத்தியோடு போய், மரத்துக்கு மரம் பட்டை சீவிச் சிரட்டை வைக்கும் பிழைப்பு.

2002இல் உச்ச நீதிமன்றம் அந்தமான் நிக்கோபாரில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. அந்த ரப்பர் தோட்டத்தையும் நடத்திய அரசின் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்துக்கு மரத்தால் வந்த வருமானம் படுத்தது. 2017இல் கழகத்தையே மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இடையில் 15 ஆண்டு! முன்னேற்பாடு செய்யாதவர் யார், பால் வெட்டியவரா?

சேமிப்பு நல்லதுதான். ஆனால் ஒரே முதலாளி இருந்த தீவில் வேறு வேலை தேட, முதலில் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏற வேண்டும், ஐயா.