“ஐயாவுக்கு ஆயிரம் வேலை”

கர்த்தருக்குள் பிரியமான சபையாரே,



சென்ற வாரம் நான் குருப்பட்டம் பெற்ற நாளின் ஆண்டு நிறைவைச் சேகரமாகக் கூடிக் கொண்டாடினீர்கள். உங்கள் அன்பை நான் அறிவேன். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆயினும் இந்த வாரத் தியானத்தை நன்றிக் கடிதமாக எழுத என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. வழக்காகவே எழுதுகிறேன். இவ்வழக்கில் முதல் குற்றவாளி நான். இரண்டாம் குற்றவாளி நீங்கள். பொறுமையோடு இறுதிவரை வாசியுங்கள்.

அன்றைய நாளை நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு துண்டாகவே கண்டீர்கள். முழுவதும் கண்டவன் நான் ஒருவனே.

அதிகாலை 4 மணிக்கு எழுந்தேன். குருப்பட்ட ஆராதனை முறையைக் கையிலெடுத்து, அந்நாளில் பேராயர் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் அளித்த மறுமொழிகளையும் முழங்காலில் நின்று மறுபடியும் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டாம் கேள்விக்கு வந்தபோது கைப்பேசி ஒலித்தது. வாழ்த்துச் சொல்ல அழைத்திருந்தார்கள். அதன்பின் ஓயவில்லை. புத்தகம் திறந்தபடியே கிடந்தது.

6 மணிக்குக் குருமனை வாசலில் பிறந்தநாள் பிள்ளையோடு ஒரு குடும்பம். 7 மணிக்குப் புதிய கார்; சாவியைக் கையில் வைத்து ஜெபித்துத் தரக் கேட்டார்கள். 8 மணிக்குப் பள்ளிக்கூடம். ஆண்டு விழா மேடையைக் கிழக்கே போடுவதா மேற்கே போடுவதா என்று நான் வந்து சொல்ல வேண்டுமாம். 10 மணிக்குப் புதுவீட்டுப் பிரதிஷ்டை. வீட்டுக்காரரின் மைத்துனர் வந்து சேரும்வரை காத்திருந்ததில் அது 11.30 ஆயிற்று. நண்பகலில் கல்லறைத் தோட்டத்தில் இரண்டடி நிலத்துக்காக இரு குடும்பத்தாரிடையே வாக்குவாதம். 3 மணிக்கு அடக்க ஆராதனை. 5 மணிக்குச் சேகர மன்றக் கூட்டம். அசனப் பண்டிகைக்கு அரிசி எந்தக் கடையில் எடுப்பது என்பதற்கே முக்கால் மணி நேரம் போயிற்று. 6.30 மணிக்குப் பாராட்டு விழா. ஆளுயரத்துக்கும் மேலான பிளெக்ஸ் பேனரில் என் முகம். ஆண்டவருடைய சிலுவை அதன் மூலையில், உள்ளங்கை அளவில். கேக் வெட்டினேன். 17 பொன்னாடைகள் போர்த்தினீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம்.

நீங்கள் காணாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

நம் சேகரத்தின் கடைசிக் கிராமத்தில் படுக்கையும் நாற்காலியுமாக வாழும் வயதான தாயார் ஒருவர் இருக்கிறார். ஆலயத்துக்கு நடந்துவர அவரால் ஆகாது. வீட்டிலேயே திருவிருந்து பெற வேண்டும் என்று இரண்டு வாரங்களுக்கு முன்பே சபை ஊழியரிடம் சொல்லியனுப்பியிருந்தார். குருப்பட்டம் பெற்ற நாளை அவருக்குத் திருவிருந்து கொடுத்துத் தொடங்குவதே தகும் என்று எண்ணி, அன்று காலை 9 மணிக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்து 12 மணி என்று மாற்றினேன். கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு 4 மணி என்று மாற்றினேன். அடக்க ஆராதனை முடிந்ததும், இரவுக்குள் வருகிறேன் என்றேன்.

திருவிருந்துப் பெட்டியோடு நான் அந்த வீட்டுப் படியேறியபோது இரவு 9.45. அவர் உறங்கிவிட்டிருந்தார். வெள்ளைச் சேலை உடுத்து, தலைமாட்டில் வேதப்புத்தகத்தை வைத்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். மருமகள் சொன்னார்: “காலையில குளிச்சு உடுத்து உக்காந்தாங்க ஐயா. திருவிருந்து வாங்குமுன்ன பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக்கூடாதுன்னு நாலு மணி வரைக்கும் ஒண்ணும் சாப்பிடல. பிறகு நாங்கதான் கட்டாயப்படுத்திக் கஞ்சி குடுத்தோம். ‘ஐயாவுக்கு ஆயிரம் வேலை, பாவம், குறை சொல்லாதீங்க’ன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாங்க.”

அவர் என்னைக் குறை கூறியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை மன்னித்துவிட்டதே என்னை உறங்கவிடவில்லை. மறுநாள் விடியுமுன் போய்த் திருவிருந்து கொடுத்தேன். அதனால் முந்தின நாள் சரியாகிவிடவில்லை.

பிரியமானவர்களே, அந்த நாளின் காரியங்களை நிறுத்துப் பாருங்கள். குருப்பட்டம் பெற்றவனே செய்தாக வேண்டியது அவற்றில் எது? பிறந்தநாள் பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபிக்க அதன் பாட்டிக்கு உரிமை இல்லையா? புதிய காருக்காக நன்றி செலுத்த அதை வாங்கிய தகப்பனுக்கு வாய் இல்லையா? கல்லறைத் தகராறைத் தீர்க்க நரைத்த தலைகள் நம் சபையில் இல்லையா? அரிசிக் கடையைத் தேர்ந்தெடுக்க வேதசாஸ்திரப் படிப்பு வேண்டுமா? அடக்க ஆராதனையைச் சொல்கிறீர்களா? துக்கப்படுகிறவர்களோடு நிற்பது என் கடமை. அதை மனதார ஏற்கிறேன். ஆனால் நம் திருச்சபையின் ஒழுங்கில் குருவானவருக்கென்றே ஒப்புவிக்கப்பட்ட காரியம் ஒன்று அன்று இருந்தது. திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் பிரதிஷ்டை செய்து, பசித்துக் காத்திருக்கும் ஆத்துமாவுக்குக் கொடுப்பது. யாரும் செய்யக்கூடியவற்றை எல்லாம் நான் செய்தேன். நான் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்யவில்லை. இந்த நாளுக்குத்தான் நீங்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள்.

“எங்கள் ஐயா ஓய்வே இல்லாமல் உழைக்கிறார்” என்று மேடையில் ஒருவர் புகழ்ந்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் மகிழ்ந்தேன். அதை மறைக்கமாட்டேன். அலுவல் மிகுதி குருவானவரின் பதக்கம் என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். வேதம் அப்படிச் சொல்லவில்லை. மோசே காலைமுதல் மாலைவரை உட்கார்ந்து ஜனங்களை நியாயம் விசாரித்தான். அதைக் கண்ட அவனுடைய மாமன் எத்திரோ புகழவில்லை, நீ செய்வது நல்லதல்ல என்றே கண்டித்தான் (யாத். 18). அவன் கூறிய காரணத்தைக் கவனியுங்கள். மோசே மட்டுமல்ல, அவனோடிருக்கும் ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றான். எல்லாவற்றையும் ஒருவனே செய்தால் காத்திருப்போர் வரிசை நீளும். நீளும் வரிசையின் கடைசியில் நிற்பவர் எப்போதும் ஏழையும் முதியவரும் குரலெழுப்பத் தெரியாதவருமே. காருக்கு ஜெபம் கேட்டவர் குருமனை வாசலுக்கே வந்துவிட்டார். அந்தத் தாயாரால் வர முடியவில்லை.

அப்போஸ்தலர் நாட்களிலும் இதே சிக்கல் எழுந்தது. பந்தி விசாரிப்பில் விதவைகள் கவனிக்கப்படாமற்போயினர். அப்போஸ்தலர்கள் அந்த வேலையை அற்பமென்று தள்ளவில்லை. தாங்களே ஓடியோடிச் செய்யவும் முற்படவில்லை. ஆவியும் ஞானமும் நிறைந்த எழுவரைச் சபையே தெரிந்தெடுக்கச் செய்து, தாங்கள் ஜெபத்திலும் வசன ஊழியத்திலும் நிலைத்திருந்தார்கள் (அப். 6). விளைவு என்ன? தேவவசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை பெருகிற்று. வேலையைப் பகிர்ந்துகொடுத்ததால் ஊழியம் குறையவில்லை. ஸ்தேவானும் பிலிப்பும் அந்த எழுவரிலிருந்தே எழும்பினார்கள். நம் சபையில் ஸ்தேவான்கள் ஏன் எழும்பவில்லை என்று கேட்கிறோமே, எழும்ப வேண்டிய இடத்தில் எல்லாம் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

நம் ஆண்டவரையே பாருங்கள். கப்பர்நகூமில் எல்லாரும் அவரைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோது, அவர் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தார். தேடுகிற கூட்டத்திடம் அவர் திரும்பவில்லை; அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார் (மாற்கு 1:35-38). எல்லாருக்கும் எப்போதும் கிடைப்பதுதான் நல்ல மேய்ப்பனின் இலக்கணம் என்றால், நம் ஆண்டவரே அதில் தேறமாட்டார். அதே ஆண்டவர், யவீருவின் வீட்டுக்கு விரைந்து செல்லும் வழியில், வஸ்திரத்தைத் தொட்ட ஒரு பெண்ணுக்காக நின்றார். எதற்கு விலகுவது, யாருக்காக நிற்பது என்பதை அவர் விடியற்காலத்து ஜெபத்தில் கற்றிருந்தார். நானோ அந்த ஜெபத்தைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டேன்.

உழைப்பே வேண்டாம் என்கிறேனா? இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிட்டர்மின்ஸ்டரில் ஊழியம் செய்த ரிச்சர்ட் பாக்ஸ்டர், திங்களும் செவ்வாயும் காலைமுதல் இரவுவரை குடும்பம் குடும்பமாக அமர்த்தி விசுவாசப் போதனை செய்தார். அவரும் உதவியாளரும் வாரத்துக்குப் பதினைந்து, பதினாறு குடும்பங்களாக, 800-க்கு மேற்பட்ட குடும்பங்களை ஓராண்டுக்குள் சந்திக்கத் திட்டமிட்டு உழைத்தார்கள். அவருக்கும் ஓய்வில்லைதான். ஆனால் அவருடைய நாட்கள் ஆத்துமாக்களால் நிரம்பின. என்னுடைய நாள் நிகழ்ச்சிகளால் நிரம்பிற்று.

“அன்பினால் செய்தோம், மூப்பரைக் கனம்பண்ண வேதமே சொல்கிறதே” என்பீர்கள். ஆம், வசனத்திலும் உபதேசத்திலும் பிரயாசப்படுகிற மூப்பரை இரட்டிப்பான கனத்துக்குப் பாத்திரராக எண்ணும்படி பவுல் எழுதுகிறார் (1 தீமோ. 5:17). அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாமலிருப்பதையும், வேலையாளின் கூலியையும் பற்றியது அது. அப்படியானால் நம் சேகரத்தில் கனம்பண்ணப்பட வேண்டியவர் யார்? அன்று காலைமுதல் இரவுவரை அந்தத் தாயாரின் வீட்டுக்கு மூன்றுமுறை சைக்கிளில் போய், “ஐயா வருவார்கள்” என்று என் பொருட்டு வெட்கப்பட்டு நின்ற சபை ஊழியரே. அவருடைய சம்பளம் எத்தனை மாதம் தாமதமாகிறது என்பதை மன்ற உறுப்பினர்கள் அறிவார்கள். 17 பொன்னாடைகளும் ஒரு பேனரும் வாங்கிய கைகளுக்கு அது எட்டாத தொகையா?

முற்காலத்தில் நம் நாட்டுப்புறச் சபைகள் எப்படி நின்றன? குருமார் மிகச் சிலர், கிராமங்களோ பல. உபதேசிமாரும் சபை மூப்பருமே ஜெபம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்குப் போதித்தார்கள், நோயாளியின் அருகில் இருந்தார்கள். இன்று வாகனமும் கைப்பேசியும் வந்தபின், “ஐயா வராமல் ஜெபமா?” என்கிறோம். முன்னோர் சுமந்ததை நாம் இறக்கி வைத்துவிட்டோம். அதற்கு மரியாதை என்று பெயரும் சூட்டிவிட்டோம்.

1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்ற அசரியாவை நீங்கள் அறிவீர்கள். தோர்ணக்கல்லில் அவர் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டார். புதிதாக ஞானஸ்நானம் பெற்ற கிராமத்தார் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, சுவிசேஷத்தை அறிவியாதிருந்தால் தங்களுக்கு ஐயோ என்று பவுலைப்போல (1 கொரி. 9:16) அறிக்கையிடச் செய்தார். இதைச் சிந்தியுங்கள். என் தலைமேல் பேராயரும் குருமாரும் கைவைத்தார்கள். அதன் ஆண்டு நிறைவை நீங்கள் கொண்டாடுகிறீர்கள். உங்கள் தலைமேல் ஞானஸ்நானத் தண்ணீர் வார்க்கப்பட்டதே, அந்த நாள் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராஜரீகமான ஆசாரியக்கூட்டம் என்று பேதுரு அழைத்தது (1 பேதுரு 2:9) குருமாரை மட்டுமன்று, உங்கள் எல்லாரையுமே.

ஆகவே அடுத்த ஆண்டு அந்த நாள் வரும்போது பேனர் வேண்டாம், கேக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அந்தச் செலவைச் சபை ஊழியரின் நிலுவைக்குக் கொடுங்கள். காலை 4 மணி முதல் 6 மணி வரை என் கைப்பேசி அணைந்திருக்கும். அன்றைக்கு மட்டுமல்ல, இந்த வாரம் முதல் எந்நாளும். மரண அவசரமானால் குருமனைக் கதவைத் தட்டுங்கள். பிறந்தநாளுக்கும் புதிய வாகனத்துக்கும் உங்கள் வீட்டில் மூத்தவர் ஜெபிக்கட்டும். ஜெபிக்கத் தயங்குகிறவரை என்னிடம் அனுப்புங்கள், அவரோடு உட்கார்ந்து கற்றுக்கொடுப்பேன். படுக்கையிலிருப்போரின் பெயர்களைச் சபை ஊழியரிடம் கொடுங்கள். என் வாரம் அவர்களிடமிருந்தே தொடங்கும். இதை நான் மீறினால் எத்திரோவைப்போல வந்து என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். “ஐயாவுக்கு ஆயிரம் வேலை” என்று என்னைத் தப்பவிடாதீர்கள்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஞானஸ்நானப் பதிவேடுகளை ஆலய மேசைமேல் திறந்து வைப்பேன். வந்து உங்கள் பெயருக்கு நேரே உள்ள தேதியைப் பாருங்கள். அதுவே நீங்கள் ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட நாள்.

ஜெபம்: நல்ல மேய்ப்பராகிய ஆண்டவரே, பசித்துக் காத்திருந்த உமது பிள்ளையை மறந்து, புகழ்ச்சியின் பந்தியில் அமர்ந்த உமது ஊழியக்காரனை மன்னியும். என் நாட்களை எண்ணும் அறிவைத் தாரும். இந்தச் சபையிலுள்ள ஒவ்வொருவரையும் அவரவர் ஊழியத்துக்கு எழுப்பியருளும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தரின் பணியில்,
உங்கள் சேகர குருவானவர்